அவள் சொல்லாத பாதி

குழி நான்கு. வெடித்தது மூன்று.

முதல் வெடி அதிர்ந்ததும் இன்பமேரி ஒரு விரலை மடக்கினாள். அப்புறம் இரண்டு, மூன்று. நான்காவது விரல் மடங்காமல் நின்றது. வண்டிப்பாதைக்குக் குறுக்கே சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு ஆள், மாடு வராமல் பார்ப்பது அவள் வேலை. துணியை அவள் இறக்கவில்லை. வேலூர் வெற்றிலைக் கட்டு ஏற்றிவந்த ஒரு வண்டி பாதையில் நின்றது. மேலே பறந்த சில்லுகள் சோளத்தட்டைமேல் விழுந்து ஓய்ந்தன. கிணற்றின் வாயிலிருந்து மருந்துப் புகை மட்டும் வந்துகொண்டிருந்தது.

"மூணுதானுங்களே கேட்டுது, அக்கா?" என்றாள் பக்கத்தில் நின்ற அத்தாயி. அவள் புருஷன் காளியப்பன்தான் இன்று திரி கொளுத்தியவன்.

"மூணுதான்."

"அப்ப ஒண்ணு உள்ளயே கெடக்குதா?"

"கெடக்குது. கம்முனு நில்லு."

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற பாதைக்கு மேற்கே, சின்னுசாமிக் கவுண்டரின் மேட்டுக்காட்டில் அந்தக் கிணறு ஏழு ஆள் ஆழம் போயிருந்தது. ஐந்தாம் ஆளிலிருந்து பாறை. உளி பிடித்து, சம்மட்டி அடித்து, முழ ஆழத்துக்குக் குழி போட்டு, மருந்து கெட்டித்து, திரி வைத்துக் கொளுத்தினால் ஒரு நாளைக்கு ஒரு சாண் இறங்கும். யுத்தம் வந்ததிலிருந்து நல்ல மருந்தும் நல்ல திரியும் பட்டாளத்துக்குப் போய்விட்டன. இங்கே கிடைத்தது பழசு, ஈரம் குடித்தது. திரி அணைந்துவிட்டதா, உள்ளுக்குள் புகைந்துகொண்டிருக்கிறதா என்று மேலிருந்து சொல்ல முடியாது. வேறு கிணறுகளில், அணைந்ததென்று நினைத்து இறங்கினவர்களை இன்பமேரி பார்த்திருக்கிறாள். கூடையில்தான் மேலே வந்தார்கள்.

அதற்கு அவள் புருஷன் உபகாரசாமி ஒரு கணக்கு வைத்திருந்தான். கூட்டத்தில் யாரிடமும் கடிகாரம் இல்லை. கவுண்டரிடம் ஒன்று உண்டு. கோர்ட்டுக்குப் போகிற நாளில் மட்டும் பெட்டியை விட்டு வெளியே வரும். உபகாரசாமிக்குத் தெரிந்த நேரம் செபத்தின் நேரம். ஒரு குழி வெடிக்காமல் போனால் செபமாலையின் ஐம்பத்து மூன்று மணிச் செபம் முழுதும் சொல்லி முடிக்க வேண்டும். அதுவரை யாரும் கிணற்றுக்குள் கால் வைக்கக் கூடாது. செபம் ஓடுகிறபோது கால் வைத்தவன் கூலியை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகலாம். பன்னிரண்டு வருஷத்தில் அவன் வெட்டிய கிணற்றில் ஒரு ஆள் சாகவில்லை.

முந்தாநாள் அவன் கண்ணில் சில்லு அடித்துவிட்டது. இரண்டு கண்ணையும் துணியால் கட்டிக்கொண்டு குடிசையில் கிடந்தான். கிணற்றிலிருந்து கூப்பிடு தூரம். காலையில் காளியப்பனை அழைத்து, "ஊமையாப் போச்சுன்னா அம்பத்தி மூணு. ஒண்ணு கொறையப்படாது," என்றான்.

"எனக்கு மனப்பாடமுங்கண்ணா. வந்து சேந்த நாலு மாசமாக் கேக்கறனே."

காளியப்பன் கிறிஸ்து வேதக்காரன் இல்லை. செபத்தில் வருகிற மரியாயி என்ற பெயர் அவன் காதில் மாரியாயி என்றே விழுந்திருந்தது. "உங்க மாரியாயி பரவாயில்லீங்க. ஆடு கேக்கறதில்லை, கோழி கேக்கறதில்லை, வாய் வார்த்தையே போதும்ங்குது. எங்கூட்டு மாரியாயி கடாயில்லாமத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டா," என்று கேலி பேசுவான். ஆனால் செபம் ஓடும்போது உபகாரசாமியைவிட அவன்தான் அதிகம் பயப்படுவான். கொட்டாவி விடக்கூட வாயைப் பொத்திக்கொள்வான்.

இப்போது அவன் கல் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து, கொட்டாங்கச்சியிலிருந்து புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தான். குரல் பாதை வரைக்கும் வந்தது.

இன்பமேரி காதை மூடிக்கொண்டாள். கையால் அல்ல. ஐந்து மாதமாகப் பழகிய மூடல் அது.

ஐந்து மாதத்துக்கு முன் பிலோமி வாந்திபேதியில் போனாள். மூன்று வயது. ஒன்றரை நாள்தான். அந்த ஒன்றரை நாளும் இன்பமேரி மாதா படத்தின் முன்னால் மண்டியிட்ட இடத்தை விட்டு எழவில்லை. முழங்கால் தோல் உரிந்தது. குழந்தையின் கண் குழிக்குள் போனது, விரல் நுனியெல்லாம் சுருங்கியது, தண்ணீருக்குத் திறந்த வாய் திறந்தபடியே அடங்கியது. புதைத்துவிட்டு வந்து அதே படத்தின் முன்னால் நின்று அவள் சொன்னாள்: "நீயும் பெத்தவதான். ஒன்றரை நாளு கத்துனேன், நீ வாயே தொறக்கலை. இனி நானும் தொறக்க மாட்டேன்."

திறக்கவில்லை. ஆனால் செபத்தில் பாதி அவளுடையது. கல்யாணமான நாளிலிருந்து, பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே என்று தொடங்குகிற முன்பாதியை அவன் சொல்வான். அர்ச்சியசிஷ்ட மரியாயே என்று தொடங்குகிற பின்பாதியை அவள் சொல்வாள். வீட்டிலும் அப்படித்தான், கிணற்று மேட்டிலும் அப்படித்தான். குவியலுக்குப் பின்னாலிருந்து அவன், பாதையிலிருந்து அவள். அவள் நிறுத்திய பிறகு அவன் தன் பாதியை உரக்கச் சொல்லி நிறுத்துவான். அவள் சொல்லியிருந்தால் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சும்மா இருப்பான். பிறகு அடுத்தது. ஒரு தடவைகூட அவள் பாதியை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டதும் இல்லை. அந்த நிறுத்தம் ஒவ்வொன்றும் தன்னைப் பார்த்து நீட்டிய விரல் என்றே அவளுக்குப் பட்டது. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பாள். கேட்காமல் நீட்டுகிற விரலை என்ன செய்வது? காதை மூடப் பழகினாள்.

"அக்கா, முடிஞ்சுதாட்ட இருக்குது," என்றாள் அத்தாயி.

இன்பமேரி திரும்பிப் பார்த்தாள். காளியப்பன் எழுந்து கோவணத்தை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"அதுக்குள்ளயா?"

"அம்பத்தி மூணும் எண்ணித்தான் போட்டாருங்க. நாம் பாத்துட்டுத்தானே இருந்தேன்."

வழக்கமாக முழுச் செபம் ஓடி முடிவதற்குள், நிறுத்திவைத்த வண்டியின் மாடுகள் படுத்து அசைபோடத் தொடங்கிவிடும். இந்த மாடுகள் நின்றுகொண்டே இருந்தன. வண்டிக்காரன் போட்ட வெற்றிலையை இன்னும் துப்பவில்லை.

"அவன் எப்படிச் சொன்னான்? சொல்லிக் காட்டு."

அத்தாயிக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கென்னுங்க தெரியும்? பிரியதத்தம்ங்கறாரு, பூரணம்ங்கறாரு, அப்பறம் ஆசீர்வதிக்கப்பட்டவரேங்கறாரு. மறுக்காவும் பிரியதத்தம்."

"அதுக்கும் இதுக்கும் நடுவுல?"

"நடுவுல என்னுங்க? ஒண்ணுமில்லியே."

இன்பமேரி கணக்குப் போட்டாள். காளியப்பன் வந்து சேர்ந்து நான்கு மாதம். அவள் வாயை மூடி ஐந்து மாதம். அவள் பாதியை அவன் கேட்டதே இல்லை. செபம் என்றால் அவ்வளவுதான் என்று நினைத்திருக்கிறான். ஐம்பத்து மூன்று அரைச் செபம் சொல்லிவிட்டு இறங்கப் போகிறான்.

துணியை அத்தாயியின் கையில் திணித்துவிட்டு ஓடினாள். "காளியப்பா! எறங்காத! எறங்காத!"

காளியப்பன் கிணற்றின் விளிம்பில் நின்றான். வேல மரத்தடியிலிருந்து சின்னுசாமிக் கவுண்டரும் எழுந்து வந்திருந்தார்.

"எண்ணிப்போட்டனுங்க அக்கா. ஒண்ணு கொறையலை."

"நீ சொன்னது பாதி. மீதிப் பாதி இருக்குது. நேரம் பத்தாது, சாமி. தள்ளி வா."

கவுண்டர் சிரித்தார். "பாதிச் சாமி, முழுச் சாமின்னு வேற இருக்குதாக்கும்? ஏம்புள்ள, பொழுது சாயப் போகுது. இன்னிக்குக் கல்லை அள்ளுனாத்தானே நாளைக்கு உளி வைக்கறது? இந்தக் கெணத்துல தண்ணி வரலீன்னாலும் உங்க பாட்டு மட்டும் நல்லா ஊறி வருது. நீ எறங்கப்பா."

"பண்ணாடி, உள்ள திரி பொகைஞ்சுட்டு இருக்குமுங்க."

"பொகைஞ்சா பொகை வராதா? எங்க, காட்டு பாக்கலாம்."

புகை நின்றுவிட்டிருந்தது. காளியப்பன் எட்டிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான், கொஞ்சம் இரக்கத்தோடு. "அக்கா, அண்ணன் ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நிறுத்துவாரே, அதச் சொல்றீங்களா? அது அவருக்கு நெஞ்செல்லாம் கல்லுப்பொடிங்க. மூச்சு வாங்கறாரு. எனக்கென்ன நோவா? நான் ஒரே தம்முல சொல்லிப்போட்டேன்."

இன்பமேரிக்கு விளங்கிவிட்டது. தன்னுடைய மௌனத்தை இவன் நான்கு மாதமாக இன்னொருத்தனின் இளைப்பு என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

காளியப்பன் முதல் படியில் கால் வைத்தான். அடுத்த படி. படி முடிகிற இடத்திலிருந்து நூலேணி. நூலேணிக்குக் கீழே அந்த நான்காவது குழி.

அவனைப் பிடித்து இழுக்க அவளுக்குத் தெம்பு இல்லை. கவுண்டர் சொன்ன பிறகு ஒரு பொம்பளை சொல்லை அவன் கேட்கப்போவதும் இல்லை. அவனை நிறுத்தக்கூடியது உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அது அவள் வாயில் இருந்தது. சொல்லமாட்டேன் என்று மாதாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்த வார்த்தை.

வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது.

"அர்ச்சியசிஷ்ட மரியாயே! சர்வேசுரனுடைய மாதாவே!"

செபம் மாதிரியே இல்லை அது. பாம்பைக் கண்டவள் போட்ட கூச்சல் மாதிரி இருந்தது. ஆனால் காளியப்பனுக்கு மாரியாயி என்று காதில் விழுந்தால் போதும். படி சுட்டது போல இரண்டே எட்டில் மேலே வந்துவிட்டான்.

"என்னுங்க அக்கா இது, மறுக்காவும்?"

நிறுத்தினால் இறங்கிவிடுவான். பாவிகளாயிருக்கிற எங்களுக்காக என்றாள். இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் என்றாள். வேண்டிக்கொள்ளும், ஆமென் சேசு. மறுபடி அர்ச்சியசிஷ்ட மரியாயே. அதில் பக்தி ஒரு துளி இல்லை. ஒருத்தன் இடுப்பில் கயிற்றைக் கட்டி இழுத்துப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். மரண நேரத்திலும் என்று வரும்போதெல்லாம் பிலோமியின் திறந்த வாய் வந்து நின்றது. அதைத் தாண்டித் தாண்டிச் சொன்னாள். கோபம் தொண்டையைக் கிழித்தது. அப்போது எங்கேடி போயிருந்தாய் என்று உள்ளே ஒரு குரல் கேட்டபடியே இருக்க, வாய் வேண்டிக்கொள்ளும் என்று கத்தியது.

"இதென்னப்பா கூத்து," என்றார் கவுண்டர்.

"அவங்க முடிக்கட்டுமுங்க பண்ணாடி. மாரியாயி பேரை நடுவுல அறுத்தா நாம ஊடு போய்ச் சேர முடியாது."

பதினைந்து வரை விரல் விட்டாள். அப்புறம் எண்ணிக்கை தப்பிவிட்டது. இருபது ஆகியிருக்கலாம். தொண்டை வறண்டு, எச்சில் விழுங்க ஒரு நொடி நின்றாள்.

"முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே காளியப்பன் ஒரு காலை உள்ளே வைத்தான்.

குரல் வரவில்லை. அவள் எட்டி அவன் குடுமியைப் பிடித்து இழுத்தாள்.

அப்போது வெடித்தது.

காலுக்கடியில் தரை எகிறியது. கிணறு வாயைத் திறந்து கல்லைக் கக்கியது. நூலேணி கட்டை கட்டையாகப் பிய்ந்து வேல மரத்துக்கு மேலே போனது. ஆட்டுக்கல் அளவு ஒரு பாறைத்துண்டு, அவன் கால் வைத்த படியை உடைத்துக்கொண்டு எழும்பி, குவியலுக்கு அப்பால் விழுந்தது. பிறகு சில்லும் மண்ணும் கொட்டின. கொட்டிக்கொண்டே இருந்தன.

ஓய்ந்தபோது கவுண்டர் குப்புறக் கிடந்தார். தலைப்பாகையைக் காணோம். காளியப்பன் உட்கார்ந்திருந்தான். அவன் குடுமி இன்னும் அவள் பிடியில்தான் இருந்தது. நெற்றியில் ஒரு கீறல். அவன் வலது முழங்காலைத் தொட்டுப் பார்த்தான். பிறகு இடது முழங்காலை. மறுபடி வலது. அத்தாயி வாயைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். சத்தம் எதுவும் கேட்கவில்லை. வந்து புருஷனை முதுகில் அடி அடியென்று அடித்தாள். பிறகு அவன் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காது திரும்பியது.

"அக்கா," என்றான் காளியப்பன். பல் தந்தியடித்தது. "அந்தப் பாதி எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது. யாருமே சொல்லிக் கேட்டதில்லீங்களே."

அவன் குற்றம் சொல்லவில்லை. தெரியாது என்றுதான் சொன்னான். ஆனால் வெடி செய்யாததை அந்த வார்த்தை செய்தது. அது இன்பமேரியைத் தரையில் உட்காரவைத்தது. யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவள் பாதையில் சிவப்புத் துணியோடு நின்றாள், வாயை இறுக்கிக்கொண்டு. மாதாவைத் தண்டிப்பதாக நினைத்துக்கொண்டு இந்த அத்தாயியின் தாலியை அறுக்க இருந்தாள்.

எழுந்து குடிசைப் பக்கம் நடந்தாள். பாதி வழியில் உபகாரசாமி எதிரே வந்துகொண்டிருந்தான். கண் கட்டோடு, கையைத் தரையில் ஊன்றி ஊன்றி, தவழ்ந்து வந்தான். முழங்கையில் ரத்தம்.

"யாரு எறங்குனது? யாராச்சும் எறங்குனாங்களா? முப்பத்தாறுதான் ஆயிருந்துது. எறங்கியிருக்கப்படாதே!"

"யாரும் எறங்கலை. காளியப்பன் எறங்கப் பாத்தான். நிறுத்திப்போட்டேன்."

அவன் அப்படியே புழுதியில் உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. "உன்ற சத்தம் கேட்டுது. கனாவாட்ட இருந்துது. கனாவாத்தான் இருக்கும்னு விட்டுப்போட்டேன்."

அவளுக்கு அப்போதுதான் அந்த எண் உறைத்தது. "முப்பத்தாறுன்னு எப்படித் தெரியும்? காளியப்பன் அம்பத்தி மூணும் சொல்லிப்போட்டானே?"

"அவன் கொரலு குடிசை வரைக்கும் வரலை. மூணு வெடிதான் கேட்டுது. நானா எண்ணீட்டுக் கெடந்தேன், எப்பவும் போல. என்ற பாதி, உன்ற பாதி."

"என்ற பாதியா?"

"ஆமா. நீ பேசறதில்லையே. அதுக்குன்னு விட்டுர முடியுமா? உன்ற பேரால மனசுக்குள்ள சொல்லிக்குவேன். பிலோமி போன நாள்லயிருந்து அப்படித்தான்."

இன்பமேரி அவன் கண்கட்டைப் பார்த்தாள். "அந்த நிறுத்தறது... என்னையக் குத்திக் காட்டறீங்கன்னு இருந்தேன்."

கட்டிய கண்ணோடு அவன் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினான். அவனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "குத்திக் காட்டறதா? உன்னையவா? அட, உன்ற பாதியையும் வாய்விட்டே சொல்லியிருப்பேன் புள்ள, ஆனா அது உன்ற எடம். அதுல நான் ஏறி உக்காந்துட்டா, நீ என்னிக்காச்சும் வந்தீன்னா எங்க நின்னு சொல்லுவே?"

அவளும் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து மாதம். ஒவ்வொரு ஊமைக் குழிக்கும் ஐம்பத்து மூன்று தடவை. தான் பேச்சை அறுத்துக்கொண்டதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் பேரில் பேச்சு போய்க்கொண்டேதான் இருந்திருக்கிறது, அவள் கண்ணுக்கு எதிரே, அவள் பார்த்து வெறுத்த அந்த நிறுத்தத்துக்குள். மாதா வாய் திறக்கவில்லை என்பதுதான் அவள் வழக்கு. வாய் திறக்காதவர்கள் உள்ளுக்குள் யாருக்காக என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்கு இன்று வரை தோன்றியதில்லை. தோன்றியபோது சந்தோஷமாக இல்லை. பயமாக இருந்தது. கையை அவன் கைக்குள் வைத்தாள்.

அத்தாயியின் தோளைப் பிடித்துக்கொண்டு காளியப்பன் வந்து சேர்ந்தான். அவர்களுக்கு எதிரே குந்தினான். பிறகு கேட்டான்.

"அண்ணா, அக்கா கடைசி வரைக்கும் சொல்லலீங்க. நடுவுல வெடிச்சுப்போச்சு. அப்படியே விட்டுட்டா மாரியாயி சும்மா இருப்பாளா?"

"மரியாயிடா."

"அதத்தானுங்க நானும் சொல்றேன்."

அத்தாயி அழுகைக்கு நடுவே களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"இன்னும் பதினேழு இருக்குது," என்றான் உபகாரசாமி. முகத்தை யார் பக்கமும் திருப்பாமல் தன் பாதியைச் சொன்னான். நிறுத்தினான்.

இன்பமேரி தொடங்கினாள். தொண்டை புண்ணாகியிருந்தது, பாதி எழுத்து வெளியே வரவில்லை. கோபம் போய்விடவில்லை. கோபத்தோடுதான் சொன்னாள். மரண நேரத்திலும் என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. உபகாரசாமி அவசரப்படுத்தவில்லை. அவள் மூக்கைச் சிந்திவிட்டு மிச்சத்தைச் சொல்லி முடித்தாள்.

"சித்தெ மெதுவாச் சொல்லுங்க அக்கா," என்றான் காளியப்பன், அவள் வாயையே பார்த்துக்கொண்டு. "நானும் புடிச்சுக்கறேன்."

அவள் அந்தப் பாதியை முதலிலிருந்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.